உயர்த்திய ஜீப்பும் அதன் பிரேக் குழாய்களும்

ஜீப் வகை வண்டியில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் சக்கரங்களைப் பூட்டியிருக்கும் ஆக்சில். அதன்மேல் ஸ்பிரிங்குகளில் உட்கார்ந்திருக்கும் சேசிஸ். சேசிஸின் மேல், ரப்பர் புஷ்களை இடையில் வைத்து போல்ட்டால் முடுக்கிய பாடி. வண்டியை உயர்த்துவது என்பது இந்த அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுவதுதான். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே கூட்டினால் சஸ்பென்ஷன் லிஃப்ட். சேசிஸுக்கும் பாடிக்கும் இடையே கூட்டினால் பாடி லிஃப்ட். பிரேக் குழாய் பாடியில் புறப்படுகிறது, சேசிஸ் நெடுகிலும் ஓடுகிறது, ஆக்சிலில் முடிகிறது. ஆகவே எந்த இடைவெளியைக் கூட்டினாலும் அந்தக் கூடுதல் நீளத்தை ஏதோ ஒரு பிரேக் குழாய் கொடுத்தாக வேண்டும். ஸ்பிரிங், ஷாக், டயர் பற்றிப் பட்டறைகளில் மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். குழாயைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் அது பிய்ந்த பிறகுதான்.

எவ்வளவு உயரம் தேவை என்பதை ஊரின் நிலம் தீர்மானிக்க வேண்டும். காரைக்கால் காவிரிக் கழிமுகத்தின் கடலோரத்தில், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களால் சூழப்பட்டுக் கிடக்கும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டு. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். மலை இல்லை, பாறை இல்லை. அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு எனக் காவிரியின் கிளைகள் நிலத்தை அறுத்துக்கொண்டு கடலில் விழுகின்றன. சாலையை விட்டு இறங்கும் வண்டிக்கு இங்கே எதிர்ப்படுபவை மூன்று: கடற்கரை மணல், நடவுக் காலத்து வயல்வெளிக் களி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தாழ்வான சாலைகளில் நிறுத்திவைக்கும் தண்ணீர். நான்காவதாக ஒன்று ஆண்டு முழுவதும் இருக்கிறது. அது கடற்காற்றில் வரும் உப்பு.

மணலுக்கும் களிக்கும் உயரத்தைவிட டயரின் காற்றழுத்தமே முக்கியம். 32 பிஎஸ்ஐ காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் நீளவாக்கில் படிகிறது, எடை பரவுகிறது, சக்கரம் புதைவது குறைகிறது. செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் லிஃப்ட் கிட் வாங்கிப் பொருத்தியவர்கள் மணலில் முன்பு போலவே மாட்டிக்கொள்கிறார்கள். உயரம் உண்மையில் உதவுவது தண்ணீரிலும் வாய்க்கால் கரைகளிலும்தான். அங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டியில் தரைக்கு மிக அருகே இருப்பது ஆக்சில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. சஸ்பென்ஷனை 100 மி.மீ. உயர்த்தினாலும் அந்த உருண்டை ஓர் அங்குலம்கூட ஏறாது, ஏனென்றால் அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதை உயர்த்த வல்லது பெரிய டயர் ஒன்றே. 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 734 மி.மீ.; 31 அங்குல டயரின் விட்டம் 787 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது 26 மி.மீ.தான் டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் உயர்வு. ஸ்பிரிங் லிஃப்டும் பாடி லிஃப்டும் அந்தப் பெரிய டயர் உள்ளே உரசாமல் சுழல இடம் பண்ணிக் கொடுக்கின்றன. சேசிஸின் வயிற்றையும் முன்பின் நுனிகளையும் தூக்கிப் பிடிக்கின்றன. அவ்வளவே.

இனி குழாயின் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். மூடிய திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை, அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் கார் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921-ல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் திரவ பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. இன்றைய வண்டியிலும் அடிப்படை அதுவேதான். ஓட்டுநர் 30 கிலோ எடைக்குச் சமமான விசையில், அதாவது 300 நியூட்டனில் பெடலை மிதிக்கிறார் என்று கொள்வோம். பெடலின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கினால் 1,200 நியூட்டன். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. என்றால் பிஸ்டனின் பரப்பு 380 சதுர மி.மீ. வகுத்தால் ஏறத்தாழ 31.6 பார் அழுத்தம் வருகிறது. வெற்றிட பூஸ்டர் விசையை மேலும் மூன்று மடங்காக்கும்போது 95 பார். டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம்தான். அதைப் போல நாற்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை, விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய் ஒவ்வொரு மிதியிலும் தாங்குகிறது.

இந்தப் பாதையில் பெரும்பகுதி எஃகுக் குழாய். 4.75 மி.மீ. வெளிவிட்டமுள்ள அந்தக் குழாய், மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாக உருட்டி, நடுவே செம்பை உருக்கி ஒட்டிச் செய்யப்படுவது. அசையாத இடங்களில் அது ஓடும். அசையும் இடங்களில், அதாவது சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கும் திரும்பும் முன் சக்கரங்களுக்கும், ரப்பர் ஹோஸ் வேண்டும். அந்த ஹோஸ் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே பிரேக் ஆயிலுக்குக் கரையாத செயற்கை ரப்பர், அதன்மேல் பின்னிய நூல் உறை, இன்னொரு ரப்பர், மறுபடி நூல் உறை, வெளியே வெயிலுக்கும் ஓசோனுக்கும் தாங்கும் மேலுறை என அடுக்கடுக்காக இருக்கும். அமெரிக்காவின் 106-ஆம் எண் பாதுகாப்புத் தரம் இதற்கு வைக்கும் தேர்வு கடுமையானது. சிறு உள்விட்டமுள்ள திரவ பிரேக் ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டு நிமிடம் கசியாமல் நிற்க வேண்டும். 7,000 பிஎஸ்ஐக்குக் கீழே வெடிக்கக் கூடாது. அழுத்தம் ஏற்றிய நிலையில் ஓர் இயந்திரம் அதை 35 மணி நேரம் ஓயாமல் சுழற்றி வளைத்துக்கொண்டே இருக்கும். அதிலும் பிய்யக் கூடாது. முனைகளில் உள்ள உலோகப் பூண்கள் 24 மணி நேரம் உப்புநீர்த் தூவலில் நிற்க வேண்டும். காரைக்கால் கடற்கரையோரம் நிறுத்திவைத்த வண்டிக்கு அந்தக் கடைசித் தேர்வு ஆண்டு முழுவதும் நடக்கிறது.

இவ்வளவு வலுவான ஹோஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு, நீளவாக்கில் இழுக்கும் விசையை அது தாங்காது. நூலுறையின் பின்னல் உப்பலைத் தடுப்பதற்காகப் பின்னப்பட்டது. கயிறு வேலைக்கு அல்ல. இழுபடும்போது முதலில் அறுபடுவது பெரும்பாலும் நடுப்பகுதி அல்ல, ரப்பரும் உலோகப் பூணும் சேரும் கழுத்து. சஸ்பென்ஷன் லிஃப்ட் ஹோஸுக்குச் செய்வது இந்த இழுப்பைத்தான்.

சமதளத்தில் வண்டி நிற்கும்போது 75 மி.மீ. லிஃப்டுக்குப் பிறகும் பழைய ஹோஸ் எட்டிவிடும். அதனால்தான் ஏமாற்றம் நேர்கிறது. வாய்க்கால் கரையில் குறுக்காக ஏறும்போது ஒரு சக்கரம் உடலோடு ஒட்டி மேலே போகும், அதே ஆக்சிலின் மறுசக்கரம் ஷாக்கின் முழு நீளத்துக்கும் கீழே தொங்கும். உயர்த்திய வண்டிகளில் நீளமான ஷாக் பொருத்துவதால் தொங்கல் முன்பைவிடக் கூடுதல். முன் சக்கரம் தொங்கிய நிலையில் ஸ்டீயரிங்கையும் முழுக்கத் திருப்பினால் ஹோஸுக்கு அதைவிடக் கடினமான நிலை கிடையாது. ஆகவே அளவெடுக்கும் முறை இதுதான்: சேசிஸைத் தாங்கிகளில் ஏற்றி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் ஹோஸ் தளர்வாக வளைந்து இருக்க வேண்டும். அடுத்து ஆக்சிலை ஜாக்கியால் மேலே தூக்கி, பம்ப் ஸ்டாப் முட்டும் வரை கொண்டுபோக வேண்டும். நீளமான ஹோஸ் இப்போது தொய்ந்து டயரிலோ ஸ்பிரிங் பிளேட்டிலோ சைலன்சர் குழாயிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் நீளமாக இருப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது போகும் பாதை. ஒரே திருகலில் முறுக்கேறிப் பூட்டப்பட்ட ஹோஸ், நீளம் போதுமானதாக இருந்தும் சில மாதங்களில் வெடிப்பு விடும்.

நீளமான ஹோஸுக்குப் பதிலாக, சேசிஸில் உள்ள ஹோஸ் தாங்கியைக் கீழே இறக்கிப் பொருத்தும் வழியும் உண்டு. 50 மி.மீ. வரையிலான லிஃப்டுக்கு இது போதும். தாங்கியை இறக்கும்போது எஃகுக் குழாயை வளைக்க வேண்டிவரும். கூர்மையாக மடித்தால் குழாய் நசுங்கும், அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஆயில் தாமதப்படும். துருவேறிய பழைய குழாய் வளைக்கும்போதே வெடிப்பு காணும். ஒரு ஹோஸின் நுனியில் இன்னொரு ஹோஸை இணைத்து நீளமாக்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது. இணைப்பு நடுவில் தொங்கி ஆடும்; ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு இன்னொரு வாசல். அதைத் தவிர்ப்பதே சரி.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பின்னிய உறையும் உள்ளே டெஃப்லானும் கொண்ட ஹோஸ்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அழுத்தத்தில் அவை ரப்பரைவிடக் குறைவாக உப்புகின்றன, பெடல் கெட்டியாக உணரப்படுகிறது. மணலில் ஓடும் வண்டிக்கு அவற்றில் ஒரு குறை: பின்னலின் இழைகளுக்குள் நுண்மணல் புகுந்து, ஹோஸ் அசையும்போதெல்லாம் உள்குழாயை அராவும். வெளியே பிளாஸ்டிக் உறை போர்த்திய வகையே கடற்கரைக்கு ஏற்றது.

பழைய ஜீப்புகளில் ஹோஸ் அறுந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மஹிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றின் ஹோஸ் பிய்ந்தாலும் ஆயில் முழுவதும் அந்த வழியே போய்விடும், நான்கிலும் பிரேக் இருக்காது. பிற்கால வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள் உண்டு. ஜீப் வகையில் ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். நிற்கும் என்றாலும், பிரேக் பிடிக்கும் வேலையில் பாதிக்கு வெகுமேலாகச் செய்வது முன் சக்கரங்கள் என்பதால், முன் ஹோஸ் பிய்ந்த வண்டி பின் டிரம்மை மட்டும் நம்பி நிற்பதற்குள் இரு மடங்கு தூரத்துக்கும் மேல் ஓடிவிடும். பழைய ஜீப்பை உயர்த்த நினைப்பவர் முதலில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிட்டுப் பிறகு லிஃப்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

சஸ்பென்ஷன் உயரத்தை நம்பி வேலை செய்யும் இன்னொரு உறுப்பும் பல வண்டிகளில் பின் ஆக்சிலருகே இருக்கிறது. சுமையை உணரும் பிரேக் வால்வு அது. ஒரு மெல்லிய கம்பி வால்வையும் ஆக்சிலையும் இணைத்திருக்கும். வண்டியில் ஆளும் சுமையும் ஏறி ஸ்பிரிங் இறங்கினால், பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் அனுப்பும். சுமை இல்லாமல் பின்புறம் எழும்பி நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக் கூடாது என்பதற்காக. லிஃப்ட் கிட் பொருத்தியதும் வால்வு ஏமாந்துபோகிறது. ஐந்து பேர் ஏறியிருந்தாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே அது முடிவு செய்கிறது, பின் பிரேக் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது. உயர்த்திய அளவுக்குக் கம்பியின் தாங்கியையும் உயர்த்தி, வால்வைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின் டிரம்மை மாற்றி மாற்றிச் சரிபார்ப்பதில் பயனில்லை.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹோஸோடு கூடவே சக்கர வேகத்தை உணரும் மின்கம்பியும் சக்கரத்துக்குப் போகிறது. ஹோஸை நீட்டி, கம்பியை மறந்தால் முதல் தொங்கலில் கம்பி அறும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும். ஆக்சிலின் மூச்சுக்குழாய் இன்னொன்று. டிஃபரன்ஷியல் சூடேறும்போது உள்ளே உள்ள காற்று வெளியேற வைத்த சிறு குழாய் அது. சூடான ஆக்சில் மழைநீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். பருவமழை ஊரில் அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டுவது, இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் மாற்றங்களிலேயே மலிவானதும் மறுக்க முடியாததும்.

பாடி லிஃப்டின் கதை வேறு. இங்கே ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே 25 முதல் 75 மி.மீ. வரை உயரமுள்ள நைலான் அல்லது பாலியூரித்தேன் கட்டைகளை வைத்து நீண்ட போல்ட்டால் முடுக்குகிறார்கள். சக்கரங்களருகே உள்ள ரப்பர் ஹோஸ்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் பாடியின் முன்சுவரில் இருக்கிறது. அங்கிருந்து சேசிஸுக்கு இறங்கும் எஃகுக் குழாய்கள் இப்போது மேல்நோக்கி இழுபடுகின்றன. தொழிற்சாலை அந்த இடத்தில் ஓரிரு சுருள் விட்டிருந்தால் 25 மி.மீ. உயர்வைத் தாங்கிக்கொள்ளும். சுருள் இல்லாவிட்டால் குழாயை அவிழ்த்துப் புதிதாக நீளமாகச் செய்து போட வேண்டும். நுனியை விரிக்கும் விதத்தில் இரண்டு வகை உண்டு: தகடு உள்ளே இரண்டாக மடிந்த இரட்டை விரிப்பு, குமிழ் வடிவ விரிப்பு. ஒன்றுக்குரிய நட்டில் மற்றதைத் திணித்தால் முதல் நாள் கசியாது. பலமாக மிதிக்கும் நாளில் கசியும். ஒற்றை மடிப்பு விரிப்பு பிரேக்குக்கு ஆகவே ஆகாது.

பிரேக்கைத் தவிர ஸ்டீயரிங் தண்டு, கியர் நெம்புகோல், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஊற்றும் குழாய், பாடிக்கான எர்த் பட்டை ஆகியவையும் பாடியையும் சேசிஸையும் பாலமாக இணைப்பவை. ரேடியேட்டர் பாடியோடு எழும்பினால் அதன் காற்றாடி உறையில் விசிறி உரசும். 50 மி.மீ.க்கு மேல் கட்டை வைப்பது நல்லதல்ல. விபத்தில் பாடியின் எடை முழுவதும் அந்த நீண்ட போல்ட்டுகளை வளைக்கப் பார்க்கும்.

குழாய் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி மலையூர்களைவிடக் கடற்கரையில் கூர்மையானது. எஃகுக் குழாய் வெளியே மெல்லிய துத்தநாகப் பூச்சோடு வரும். அதைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கவ்விகளுக்குள் ஈர மணலும் உப்பும் தங்கும். அங்கேதான் துரு குழி பறிக்கும். வெளியே தெரியும் பகுதி பளபளப்பாக இருக்க, கவ்விக்குள் குழாய்ச் சுவர் காகிதமாகத் தேய்ந்திருக்கும். வெறும் செம்புக் குழாய் துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். அதனால் பட்டறைக்காரர்களுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் அதிர்வில் செம்பு கெட்டிப்பட்டு வெடிக்கும். பிரேக்குக்கு அது ஏற்றதல்ல. சரியான விடை செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய். சுமார் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். உப்புத் தூவும் பனிச்சாலைகளைக் கொண்ட ஸ்வீடனில் வால்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அங்கே உப்பு குளிர்காலத்தில் மட்டும். காரைக்காலில் ஆண்டு முழுவதும். இது எஃகுக் குழாயைவிட விலை கூடுதல், வளைக்க எளிது.

குழாயின் உள்ளே போகும் பிரேக் ஆயிலுக்கும் கடற்காற்று பகைதான். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் வழியாகக்கூட உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் 140 வரை இறங்கலாம். டாட் 4 புதிதாக 230, ஈரமேறியபின் 155. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ் நிற்கும். குமிழ் அமுங்கும், பெடல் தரை வரை இறங்கும், பிரேக் பிடிக்காது. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிகளுக்கும் இதுவே முதல் பயம். சமநிலமான காரைக்காலில் அந்தச் சூடு அரிது. இங்கே ஈரம் செய்யும் கேடு வேறு: வீல் சிலிண்டரின் உட்சுவரிலும் காலிப்பர் பிஸ்டனிலும் துருப்புள்ளி விழுந்து, பிஸ்டன் இறுகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவது இரண்டு கேட்டுக்கும் மருந்து.

ஹோஸை மாற்றியபின் ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது பொதுவான வரிசை. சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லியிருப்பார், அதுவே செல்லும். ஏபிஎஸ் வண்டிகள் சிலவற்றில் உள்வால்வுகளில் சிக்கிய காற்றை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டும். பான்ஜோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கி வடிவெடுத்துவிட்டது. மறுமுறை அது அடைக்காது. வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது.

குழாய்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் உயர்த்திய வண்டி முன்போல நிற்காது. காரணம் டயரும் புவியீர்ப்பு மையமும். பிரேக் கொடுப்பது திருப்புவிசை. தரையில் அது எதிர்விசையாக மாறும்போது டயரின் ஆரத்தால் வகுபடும். டயர் 7 சதவீதம் பெரிதானால் அதே மிதிக்கு எதிர்விசை அந்த அளவுக்குக் குறையும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டரில் நின்ற வண்டி அதே மிதிக்கு ஏறத்தாழ 21.5 மீட்டரில் நிற்கும். அதோடு வேகமானி 60 காட்டும்போது உண்மையில் வண்டி 64-ல் ஓடும். கனமான டயரின் சுழற்சியை அடக்கவும் கூடுதல் வேலை வேண்டும்.

புவியீர்ப்பு மையம் உயர்வதன் விளைவு கணக்குப் போட்டால் தெளிவாகும். 1,700 கிலோ எடையும் 2.45 மீட்டர் சக்கர இடைத்தூரமும் உள்ள ஒரு வண்டி. மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.7 மடங்கில் பிரேக் பிடித்தால் 340 கிலோ எடை பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு மாறுகிறது. லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 80 செ.மீ.க்கு ஏற்றினால் 389 கிலோ மாறும். பின் சக்கரங்களில் நின்ற எடை 765 கிலோ என்றால், மிச்சம் 376 கிலோதான். அவை சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். சுமை வால்வைச் சரிசெய்யும்போது பின் பிரேக்கை அளவுக்கு மீறித் திறந்துவிடக் கூடாது என்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

கவிழ்வதற்கும் இப்படி ஓர் எளிய அளவு உண்டு. இரு சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை மைய உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் அபாயத்துக்கு மதிப்பீடு வழங்கத் தொடங்கியது இந்த எண்ணை வைத்துத்தான். 1.52 மீட்டர் அகலமும் 70 செ.மீ. உயரமும் என்றால் 1.09, மையம் 80 செ.மீ. ஆனால் 0.95. ஸ்பிரிங்கும் டயரும் நசுங்கிச் சாய்வதால் உண்மையான வரம்பு இன்னும் கீழே. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு அந்த வரம்பைத் தொடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே முந்திவரும் பேருந்துக்காகத் திடீரென ஒடிக்கும்போது, வண்டி சறுக்குவதற்குப் பதிலாகக் கவிழலாம். வயல்வெளியில் கிடைத்த லாபம் தார்ச்சாலையில் நட்டமாகும் இடம் இதுதான். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள புதிய வண்டிகளில் அதன் கணினி பழைய உயரத்துக்கே கணக்குப் பழகியது. உயர்த்தியதை அது அறியாது.

பாடியில் செய்யும் மாற்றங்களில் முதன்மையானது மட்கார்டு ஓரங்களை வெட்டுவது. பெரிய டயர் உரசாமல் இருக்க லிஃப்டைக் கூட்டுவதைவிட, தகட்டை வெட்டி இடம் பண்ணுவது மேல், மையம் உயராது. வெட்டிய ஓரத்தில் வெறும் தகடு தெரியும். துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்காமல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால், உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் பட்டிக்கு அடியில் துரு பொங்கும். பழைய ஜீப்புகளில் தரைத்தகடு முழுவதும் உளுத்துப்போய், பாடியையே புதிதாகப் போடுவதும் உண்டு. ஹரியானாவின் மண்டி டப்வாலி இப்படி ஜீப் பாடி கட்டுவதற்குப் பெயர்போன ஊர். புதுப் பாடி கட்டும்போது பிரேக் பெடலின் தாங்கி பொருந்தும் முன்சுவர் மெல்லிய தகடாக அமைந்துவிடக் கூடாது. மிதிக்கும்போது சுவரே வளைந்தால், குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெடல் பஞ்சு போல இருக்கும். அலுமினியத் தகட்டை எஃகு போல்ட்டால் பிணைத்தால் உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி அலுமினியம் அரிபடும். இடையில் நைலான் வாஷர் வேண்டும். முன்னே கனத்த எஃகு பம்பர் பொருத்துவது முன் ஸ்பிரிங்கை அமுக்கும், ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இத்தகைய காவல் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

சட்டத்தின் நிலை கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. பிஒய் 02 எண் தாங்கிய காரைக்கால் வண்டி கடல் பக்கம் தவிர எந்தத் திசையில் போனாலும் சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும். சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் எல்லையின் இருபுறமும் விதி ஒன்றே. விபத்து நேர்ந்தால், தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், காரைக்கால் போன்ற சமநிலத்தில் 50 மி.மீ.க்கு மேற்பட்ட லிஃப்டுக்கு நியாயம் இல்லை. காற்று இறக்கத் தெரிந்த ஓட்டுநரும் நீட்டிய மூச்சுக்குழாயும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவார்கள். உயர்த்தினாலும் உயர்த்தாவிட்டாலும், கடலோர வண்டியின் பிரேக் ஹோஸ்களையும் கவ்விகளுக்குள் மறைந்த எஃகுக் குழாய்களையும் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் கழற்றிப் பார்ப்பது அவசியம். பதிவுச் சான்றிதழில் பிரேக் ஹோஸைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. பழையதைக் கழற்றிவிட்டுத் தரச்சான்று பெற்ற புதியதைப் பொருத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.